திறக்காத பை

இதை நீங்கள் நம்பியே ஆக வேண்டும் என்று எனக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. என் மச்சானே நம்பவில்லை, நீங்கள் எம்மாத்திரம்? ஆனால் ஒன்று. இதற்குக் கண், காது, மூக்கு எதையும் நான் வைக்கவில்லை. நடந்தது நடந்தபடிதான் சொல்கிறேன். பேய் என்றால் நடுராத்திரி, மழை, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும். எனக்கு எல்லாமே பட்டப்பகலில், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்தது.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு நேரத்தில் பழைய வேக்குவம் கிளீனர்கள் சேர்ப்பவன். சிரிக்காதீர்கள். தபால்தலை சேர்த்தால் கௌரவம், இது மட்டும் பைத்தியமா? ஆரம்பித்து வைத்ததே என் மகள்தான். ஏழு வயது. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு வீசிங். துளி தூசி பட்டால் போதும், நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். அவளுக்காக ஒரு பழைய மெஷினை வாங்கிப் பழுது பார்த்தேன். நன்றாக ஓடியது. பிறகு இன்னொன்று. பிறகு எனக்கே கணக்கு விட்டுப்போயிற்று.

"ஊர்ல எல்லாரும் குப்பையக் காசு குடுத்து வெளிய அனுப்புறாங்க. நீங்க காசு குடுத்து உள்ள வர வைக்கிறீங்க, மாமா" என்பான் மச்சான்.

அந்தப் பச்சை மெஷின் ஆன்லைன் ஏலத்துக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை. உருளை வடிவம், இரும்பு உடம்பு, துணி சுற்றிய ஒயர். விற்றவர் ஒரு பழைய சாமான் வியாபாரி. படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்: "உள்ளே அசல் காகிதப் பை. நிரம்பியுள்ளது. திறக்கவில்லை."

எங்களைப் போன்றவர்களுக்கு வாயில் எச்சில் ஊறுகிற விஷயம் இது. அந்தக் காலத்துப் பைகளை எல்லாரும் தூசியோடு தூக்கிப் போட்டுவிட்டார்கள். மெஷின் கிடைக்கும், பை கிடைக்காது. பையோடு வந்தால் மதிப்பே வேறு. உள்ளே இருப்பது யாருடைய தூசி என்று நாங்கள் கேட்பதில்லை.

ஏலத்தில் என்னோடு ஒரே ஒருவன் மல்லுக்கட்டினான். பயனர் பெயர் வெறும் எண்கள். நான் அவனுக்கு உடும்பு என்று பெயர் வைத்தேன். அப்படி ஒரு பிடி. நான் ஏற்றினால் அவன் ஏற்றுவான். கடைசி நேரத்தில் யாராவது ஏற்றினால் ஏலம் இன்னும் இரண்டு நிமிடம் நீளும், அது அந்தத் தளத்தின் விதி. அப்படி நீண்டு நீண்டு சாயங்காலம் மணி ஐந்தானது. வாலுவின் அறைக்கு ஏ.சி. வாங்க வைத்திருந்த பணத்தை எப்போதோ தாண்டிவிட்டேன். எனக்கு மெஷின்கூட மறந்துபோயிற்று. அவனைத் தோற்கடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அப்போது அவனிடமிருந்து செய்தி வந்தது.

"தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது என்னுடையது."

இந்தத் தந்திரமெல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி ஏற்றினேன். இந்த முறை அவன் ஏற்றவில்லை. ஏலம் முடிந்து என் பெயர் பச்சையில் ஒளிர்ந்தது. கூடவே இன்னொரு செய்தி.

"என்னிடம் இனி பணம் இல்லை. பையை மட்டும் திறக்காதீர்கள்."

விநாச காலே விபரீத புத்தி என்பார்கள். நான் சிரித்தேன்.

மெஷின் சனிக்கிழமை வந்தது. விலையைக் கேட்டதும் என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். திரும்பி வந்து பையைப் பார்த்ததும்தான் பேசினாள்.

"எவன் வீட்டுத் தூசியோ. மூச்சு விட முடியாத பிள்ளைய வச்சிக்கிட்டு இதை உள்ள வைப்பீங்களாங்க?"

"பைய வீச முடியாதும்மா. பைதான் மதிப்பே."

"அப்ப தூசிய வீசுங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஞாயிறு மதியம், பையை மொட்டை மாடிக்கு எடுத்துப்போனேன். அடிப்பக்க ஒட்டை மட்டும் பிளேடால் மெல்லக் கீறி, தூசியைக் கொட்டிவிட்டு, பழையபடி ஒட்டிவிடுவது என் திட்டம். எங்கள் சேகரிப்பாளர் குழுவில் காட்ட, செல்போனில் வீடியோவும் எடுத்தேன்.

சாம்பல் நிறத் தூசி. குட்டையான கறுப்பு முடிகள். பென்சில் சீவல். சின்னதாக வெட்டிய நகங்கள்... அத்தனையும் ஒரே ஒரு குழந்தையுடையவை போல இருந்தன. பை காலியானபோது உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பெருமூச்சு மாதிரி. காற்றுதான் என்று நினைத்தேன். அந்தத் தூசி குப்பை வண்டியில் போய்விட்டது.

திங்கட்கிழமை மூடியைத் திறந்து பார்த்தேன். தட்டையாக வைத்த பை லேசாக உப்பியிருந்தது. ஒட்டின பசை காய்ந்ததால் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை வாலு சொன்னாள். "அப்பா, அந்தப் பச்சை மெஷின் மூச்சு விடுது."

"ஒயரே மாட்டலடா."

"தெரியும்ப்பா. ஆனா விடுது."

புதன்கிழமை மனைவி என்னைப் பாராட்டினாள். "பரவாயில்லையே, பாப்பா ரூம சுத்தமா பெருக்கிட்டீங்க." நான் பெருக்கவில்லை. அவளும் பெருக்கவில்லை. போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில்கூட ஒரு துரும்பு இல்லை. சீப்பில் ஒரு முடி இல்லை.

பை பாதி நிரம்பியிருந்தது.

அந்த வாரம் வாலுவுக்கு வீசிங் வரவே இல்லை. என் மனைவி சந்தோஷப்பட்டாள். நானும்தான். பிறகுதான் கவனித்தோம். வாலு ஓடவில்லை. சத்தம் போடவில்லை. பேசினால் பாதி வாக்கியத்தில் நின்றாள். பெயருக்கேற்ற பிள்ளை, மூலையில் சுருண்டு தூங்கிக்கொண்டே இருந்தாள். டாக்டர் அவள் நெஞ்சில் வெகுநேரம் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார்.

"நெஞ்சு ரொம்ப சுத்தமா இருக்கு" என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "மூச்சு சத்தமே கம்மியா இருக்கே... நாளைக்கு ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்."

அன்று மதியம் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நான் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். மணி இரண்டே கால். வெளியே நல்ல வெயில்.

ஹ்ஹ்ஹ்ஹ்...

குழாயை மூடினேன்.

ஹ்ஹ்ஹ்ஹ்... ஹ்ஹ்ஹ்ஹ்...

வாலுவின் அறையில்.

கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினேன். மெஷினை நான் ஹாலில்தான் வைத்திருந்தேன். இப்போது அவள் கட்டிலருகே நின்றது. ஒயர் சுற்றியபடியே இருந்தது. அதன் நீளக் குழாய் தலையணைமேல் கிடந்தது.

குழாயின் வாய், அவள் வாய்க்கு முன்னால்.

வாலு தூங்கிக்கொண்டிருந்தாள். உதடு நீலமாக இருந்தது.

குழாயைப் பிடுங்கினேன். வரவில்லை.

உள்ளங்கையால் அதன் வாயை அடைத்தேன். கையை இழுத்தது... எலும்புவரை இழுத்தது.

மூடியைத் திறந்தேன். பை முழுசாக நிரம்பியிருந்தது. உப்பியது. தணிந்தது. உப்பியது...

வாலு மூச்சு விடுகிற அதே கணக்கில்.

பென்சில் டப்பாவிலிருந்து பிளேடை எடுத்தேன். கிழித்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். அப்படித்தான் நினைத்தேன். பிளேடை ஒட்டில் வைத்தேன். லேசாக அழுத்தினேன்.

"வலிக்குதுப்பா..."

கண் திறக்காமல் சொன்னாள்.

கை நின்றது.

பிளேடு கீழே விழுந்தது.

சத்தமும் நின்றது. கொஞ்ச நேரத்தில் வாலு இருமினாள். பிறகு அவள் நெஞ்சுக்குள் அந்தப் பழைய விசில் கேட்டது. வாழ்க்கையில் எந்தச் சத்தத்துக்கும் நான் அப்படி அழுததில்லை.

அன்று சாயங்காலமே உடும்புக்குச் செய்தி அனுப்பினேன். "அது என்ன? உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டு என் எண்ணையும் கொடுத்தேன். அழைத்தது ஒரு பெண். அவர் மனைவி.

"அவர் யார்கிட்டயும் பேசுறதில்லீங்க" என்றாள். "தப்பு என்னோடதுதான். அவர் வெளியூர் போயிருந்தப்ப, பழைய சாமான்னு நினைச்சு நான்தான் அதை வித்துட்டேன். பைக்குள்ள என்ன இருக்குன்னு அதுவரைக்கும் அவர் என்கிட்ட சொன்னதே இல்ல. பயந்துடுவேன்னு."

"என்ன இருந்துச்சு?"

"எங்க பையன்."

போனைக் காதில் வைத்தபடியே வாலுவின் அறைக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.

"போன ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட்டுட்டு டிவி பாத்துட்டு இருந்தான். அப்படியே சாஞ்சான். ஒரு பெருமூச்சு விட்டான், அவ்வளவுதான். மூணு பதினொண்ணுன்னு ஆஸ்பத்திரியில எழுதினாங்க."

போனை வைத்துவிட்டு என் வீடியோவைப் பார்த்தேன். பிளேடு ஒட்டைக் கீறுகிற இடத்தில் நேரம் மூன்று பத்து. பை காலியாகிறபோது மூன்று பதினொன்று.

இன்று அந்த மெஷின் எங்கள் இரும்பு அலமாரியில் இருக்கிறது. சாவி என் கழுத்தில். மனைவியிடம் எதையும் மறைக்கவில்லை. எங்களில் ஒருவர் எப்போதும் வீட்டில் இருக்கிறோம். வாலு மறுபடி வாலாட்டுகிறாள், குதிக்கிறாள், வீசிங்கோடு. அந்தப் பைக்கு ஒன்றும் ஆகாதவரை அவளுக்கும் ஒன்றும் ஆகாது. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

ஆனால் உடும்பு விடவில்லை. தினமும் காலையில் ஒரு செய்தி. வெறும் தொகை மட்டும். மெஷினுக்கு அவர் தருகிற விலை. ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட அதிகம். பணம் இல்லை என்றவர், வீட்டை விற்றுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பிள்ளையே போன பிறகு அந்தப் பை அவருக்கு எதற்கு? யோசித்தேன். புரிந்தது. அதே பையை, நான் திறந்ததுபோல அவரும் ஒருமுறை திறக்கத்தான். நான் ஒருமுறைகூடப் பதில் போடவில்லை.

போன வாரம் செய்தி வருவது நின்றது. ஒழிந்தது சனியன் என்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.

நேற்று சாயங்காலம் வாலு கையில் சாக்லேட்டோடு படியேறி வந்தாள்.

"யாருடா குடுத்தா?"

"கீழ் வீட்டுக்குப் புதுசா வந்திருக்காங்கள்ல, அந்த மாமா. பாவம்ப்பா. அவங்களுக்கு என் வயசுல ஒரு பையன் இருந்தானாம்."

"வேற என்ன கேட்டார்?"

"உங்க வீட்டுல பச்சை மெஷின் இருக்காமே, எங்க வச்சிருக்கீங்கன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

வாலு சாக்லேட்டை மென்றுகொண்டே என் கழுத்துச் சாவியைப் பார்த்தாள்.

"எல்லாம் சொன்னேன்ப்பா."