மீட்டிங் பொட்டு

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். அறுபது பையன்களை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவன் என்ற திமிர் வேறு. கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் என் மனைவி, சாயங்காலம் "இடுப்பு ஒடியுது மாமா" என்றால், "வீட்லதான உக்காந்திருக்க? நான் பஸ்சுல நின்னுக்கிட்டே வரேன்" என்பேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவளுக்கு மெடிக்கல் கோடிங் வேலை. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். ஒரு எண் பிசகினாலும் திரும்பி வந்துவிடும். இதை அவள் ஐந்து வயதுப் பெண்ணையும் இரண்டரை வயதுப் பையனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தாள். பையனுக்கு வலது கையால் சோறு ஊட்ட வேண்டுமே என்று, இடது கையால் மவுஸ் பிடிக்கப் பழகிக்கொண்டவள் அவள். ஒரு நாள் வாசலில் நின்று பார்த்தேன். ஒரு கை யாரோ ஒரு வெள்ளைக்காரரின் முழங்கால் எலும்பு முறிவுக்கு எண் போடுகிறது, இன்னொரு கை பருப்புஞ்சோற்றை உருட்டுகிறது. இரண்டிலும் பிசகில்லை. அடேயப்பா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, கொழுப்பு.

எல்லாவற்றையும்விட என்னை அசத்தியது அவள் பொட்டுதான். வீட்டில் கண்ணுக்கே தெரியாத கடுகுப் பொட்டு வைப்பாள். கேமரா போட்டுப் பேசும் மீட்டிங் வந்தால் மட்டும் பெரிய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. அது நெற்றியில் இருக்கும்வரை அம்மா ஆபீசில் இருக்கிறாள். பிய்த்து பீரோ கண்ணாடியில் ஒட்டிவிட்டால் வீட்டுக்கு வந்துவிட்டாள். பொட்டு ஏறியதும் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பா வெளியே வரும். உள்ளே பழைய சாவிக்கொத்து, துணி கிளிப்புகள், வேலை செய்யாத ரிமோட். மற்ற நேரத்தில் அதைத் தொடக் கூடாது. அதனால் மீட்டிங் என்றாலே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நான் படித்த பி.எட்.டில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பெனி எல்லோரையும் மெட்ராஸ் ஆபீசுக்கே வந்துவிடச் சொன்னது. சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள், வீட்டிலிருந்தே தொடர்கிறேன் என்று இவள் எழுதிக் கேட்டாள். மேனேஜர் வீடியோவில் பேசிப் பார்த்து முடிவு சொல்வதாகப் பதில் வந்தது. முடியாது என்றால் வேலையை விட வேண்டியதுதான். "கஷ்டப்பட்டுப் படிச்சு வாங்கின வேல மாமா" என்றாள். அன்றிலிருந்து நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

மேனேஜர் பேசும் அன்றைக்கு நான் லீவு போட்டேன். "ரெண்டு பிள்ளைங்கதான, நான் பாத்துக்கறேன் போ" என்று பெருமையாகச் சொன்னேன். மத்தியானம் அவள் பொட்டு வைக்கப் போன நேரம், பிள்ளைகளைக் கூடத்தில் உட்கார வைத்து வாத்தியார் குரலில் ஒன்று சொன்னேன்: "யாராவது சத்தம் போட்டீங்க, அம்மாவுக்கு வேல போயிடும். அம்மா மெட்ராசுக்கே போயிடுவாங்க." வகுப்பில் மிரட்டிப் பழகிய வாய் அல்லவா.

பத்து நிமிஷத்தில் பையன் ரசக் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். அவனைத் தூக்கிக் கழுவ ஓடினேன். தரையை அப்புறம் துடைக்கலாம் என்று விட்டேன். திரும்பி வந்தால் என் பெண் அம்மா இருந்த அறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள், உள்ளே பார்த்தபடி. அம்மாவின் நெற்றியில் பொட்டு இருந்தது. பிள்ளை தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாக என்னிடம் வந்தாள். விரலிடுக்கில் ரத்தம்.

ரசத்தில் வழுக்கி, நிலைப்படியில் மோதி உதடு கிழிந்திருந்தது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சத்தம் மட்டும் இல்லை. சாவிக்கொத்தை ஆட்டிய தம்பியைக்கூட "உஷ்" என்று அடக்கினாள். என்ன ஒரு பிள்ளை, அப்படியே அம்மா என்று நான் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். மடையன்.

முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "ஓகே சொல்லிட்டாங்க மாமா!" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். வரும்போதே பொட்டைப் பிய்த்தாள். அந்த நொடியில் என் பெண் வீடு அதிர அழ ஆரம்பித்தாள். விழுந்தபோது அழ வேண்டிய அழுகை அத்தனையும்.

என் மனைவி ஓடி வந்து அவளை மடியில் அள்ளிக்கொண்டாள். "எப்போடி விழுந்த? ஏன்டி கூப்புடல?"

"நான் சத்தம் போடலம்மா. நீ மெட்ராஸ் போவ மாட்டல்ல?"

"யாருடி சொன்னது?"

பிள்ளை என் பக்கம் விரலை நீட்டினாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். அப்புறம் கையிலிருந்த பொட்டைப் பிள்ளையிடம் காட்டிச் சொன்னாள்: "அடிபட்டா இத பாக்காத. யார் இருந்தாலும் கத்திக்கிட்டு ஓடியா. வேல போனா போவட்டும்." எந்த வேலைக்காக நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாளோ, அதைக் கிடைத்த அஞ்சு நிமிஷத்தில் அப்படிச் சொன்னாள். அவள் முன்னால் நான் சின்னப் பையனாகிவிட்டேன். எழுந்து போய் ரசத்தைத் துடைத்தேன்.

பத்து நாள் கழித்து, சிதம்பரத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது. பின்னால் பெண்ணின் அழுகை காதைப் பிளந்தது. பீரோ கதவில் விரல் நசுங்கியதாம், பெரிசாக ஒன்றுமில்லையாம். "மீட்டிங்ல மேனேஜர் பேசிக்கிட்டிருந்தாரு மாமா, இவ கத்திக்கிட்டே வந்து மடில ஏறிட்டா" என்றாள்.

"பொட்டு?"

"வச்சிருந்தேன். அவ பாக்கவே இல்ல."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இங்கிலீஷ் வாத்தியாருக்கும் அந்த அழுகை கேட்டது. "என்னா மச்சான், பாப்பா அழுவுது, நீ சிரிக்கிற?" என்றார்.

"அழுவட்டும் மச்சான்" என்றேன். "நல்லா அழுவட்டும்."