சாத்தாரா தாண்டி நான் வாசித்த பக்கம்

பேய், பிசாசு, சாமி வந்து ஆடுவது என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். தாராவியில் பிறந்து வளர்ந்து கார் ஓட்டிப் பிழைக்கிறவன், போனில் வருகிற மேப்பைத் தவிர வேறு எதையும் நம்பியதில்லை. நீங்களும் இதை நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

என் மனைவி செல்விக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்தது. தலைப்பிரசவத்துக்குத் திருநெல்வேலியில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும், ரயில் டிக்கெட்டோ வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்டது. சரி, நம்ம வண்டியிலேயே மெதுவாகப் போகலாம் என்று முடிவு செய்தேன். உடனே அவள் மாதுங்காவில் பழைய புத்தகம் விற்கிறவரிடம் போய், தெற்கே போகிற சாலைகளைப் பற்றித் தமிழில் ஒரு பயண வழிகாட்டி வாங்கி வந்துவிட்டாள். அட்டை கிழிந்த புத்தகம். எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம் என்று தினமும் அதை வைத்துத்தான் திட்டம் போட்டாள்.

"மேப் இருக்கும்போது இந்தக் குப்பை எதுக்கு செல்வி?" என்றேன்.

"ஒங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுன்னு பொறாமை."

அது உண்மை. நான் படித்தது ஹிந்தி மீடியம். தமிழில் பேசுவேன், சண்டை போடுவேன், வாசிக்கச் சொன்னால் கடை போர்டுக்கே எழுத்துக் கூட்டி முழிப்பேன்.

விடியற்காலையில் கிளம்பினோம். சாத்தாரா ஊரைத் தாண்டியதும் நல்ல மழை. பாலத்தில் வேலை நடக்கிறது என்று வண்டிகளை உள்ரோட்டில் திருப்பிவிட்டார்கள். மத்தியான நேரம்தான், ஆனாலும் எதிரே எதுவும் தெரியவில்லை. போனில் நெட்வொர்க் போய், மேப்பில் அம்புக்குறி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து செல்வி என் தோளைப் பிடித்தாள்.

"என்னங்க, பனிக்குடம் ஒடஞ்சிட்டுன்னு நெனைக்கேன்."

வழி தவறி வந்த அந்த ரோட்டில் ஈ காக்கா இல்லை. ஏழு மாதப் பிள்ளை, ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்றே தெரியாது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அவள் மடியிலிருந்து நழுவிக் கிடந்த புத்தகத்தை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாசித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எழுத்துக் கூட்டாமல், டிவியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி கடகடவென்று, ஆனால் மனசுக்குள்ளேயே வாசித்தேன். 'இரட்டைப் புளியமரம் தாண்டி இடப்பக்கம் திரும்பவும். ஓடையைக் கடந்ததும் சிறு மருத்துவமனை. அஞ்ச வேண்டாம், கதவு திறந்தே இருக்கும்.'

வண்டியை எடுத்தேன், கொஞ்ச தூரத்திலேயே புளியமரம் இரண்டும் நின்றன. திரும்பினேன். ஓடை வந்தது. அதைத் தாண்டி ஓட்டுக் கட்டடம் ஒன்று, அந்த மழையிலும் கதவை விரியத் திறந்து வைத்திருந்தார்கள். "ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்தியபடி ஒரு நர்ஸம்மா ஓடி வந்து செல்வியைத் தாங்கிக்கொண்டார்.

பெண் குழந்தை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னபோது, தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

செல்வி தேறியதும் அந்தப் பக்கத்தைக் காட்டினேன், மரத்தையும் ஓடையையும் பற்றிச் சொன்னேன். வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"இதுல ஒரு அருவியும் அங்க போற பஸ்ஸுந்தான் போட்டிருக்கு. ஆஸ்பத்திரி எங்க போட்டிருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். 'அருவி' என்ற சொல்லுக்கே பழையபடி எழுத்துக் கூட்டினேன். யாரோ என் கண்ணுக்காக மட்டும் அதை எழுதிக் காட்டிவிட்டு அழித்துவிட்டார்களா? நான் வாசித்த அந்தக் கடைசி வரியை மட்டும் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.

மகள் அபி இப்போது எல்.கே.ஜி. போகிறாள். ஏ, பி, சி, டி தெரியும், தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. வீட்டில் பேசுவதும் பாதி ஹிந்தி. புத்தகம் இன்னும் காரில்தான் கிடக்கிறது. போன மாதம் மழையில் எங்கள் வீட்டுப் பக்கம் சுனாபட்டி சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம், அவள் அதை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"பப்பா, இதுல என்ன எழுதிருக்குன்னு சொல்லட்டா?"

"சொல்லுடா கண்ணு."

அதே பக்கம். அதில் விரலை ஓட்டியபடி, பெரியவர்கள் வாசிப்பதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

"அஞ்ச வேண்டாம், கதவு திறந்தே இருக்கும்."

பச்சை விழுந்து பின்னால் எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள். எனக்குக் கியர் போடக் கை வரவில்லை.