கப்பலில் போனவன் சொன்ன வழி

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனாலும் கப்பலில் வேலை செய்து பாதி உலகத்தைச் சுற்றிவிட்டு, ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரத்து இரும்பு ஆலையில் மேற்பார்வையாளனாகவும் ஆனேன். எழுபதுகளில் அங்கே எந்தத் தமிழருக்குப் பயணம் என்றாலும் என்னிடம்தான் வழி கேட்பார்கள்.

எங்கள் மேல்மாடியில் இருந்த நர்ஸ் மனோ, தம்பியின் கல்யாணத்துக்குப் பார்படோஸ் தீவுக்குப் புறப்பட்டாள். அவனுக்கு அவளைத் தவிர யாருமில்லை.

"அண்ணை, திரும்பி வாற டிக்கெட்டும் இப்பவே எடுக்கோணுமோ?"

"தேவையில்லை தங்கச்சி. நான் நாலு தரம் இறங்கின இடம். ஒருத்தனும் கேக்கேல்லை. விமான நிலைய பஸ்ஸைப் பட்டணத்திலை கண்டிருக்கிறன். வெளியிலை வந்து அதைப் பிடிச்சா நேரை பட்டணந்தான்."

பஸ் விவரம் சரி. ஆனால் கல்யாணத்தன்று காலையில் போய் இறங்கியவளை, திரும்பும் டிக்கெட் இல்லையென்று அதிகாரிகள் விமான நிலையத்திலேயே உட்கார வைத்துவிட்டார்கள். அக்காவைக் காணவில்லையே என்று, தாலி கட்டிய கையோடு தம்பி தேடி வந்து பொறுப்பேற்ற பிறகுதான் விட்டார்கள். அவன் கழுத்தில் மாலை இருந்ததாம்.

திரும்பி வந்த மனோ படியில் என்னைக் கண்டு நின்றாள்.

"அண்ணை, நீங்கள் அங்கை எதிலை போனனீங்கள்?"

"கப்பலிலை."

"அந்தக் கப்பல்தானே உங்கடை திரும்பிற டிக்கெட்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் கப்பல் ஏறிவிடுவேன் என்பதால்தான் என்னை எவனும் கேட்கவில்லை. அதை என் கெட்டித்தனம் என்று எண்ணியிருந்தேன்.

இன்றும் வழி கேட்டு வருகிறார்கள். நான் எதில் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.