கல்மண்டபத்துப் படகில் ஒரு ஜெர்மன் சிப்பாயின் டப்பா

2006 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாம்பரத்திலிருந்து ராயபுரம் முப்பத்திரண்டு கிலோமீட்டர்தான். ஆனாலும் முந்தின ராத்திரி எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் சிப்பாய்கள் எதை உடுத்தினார்கள், எதில் சாப்பிட்டார்கள் என்று தேடித் திரிகிற கிறுக்கு எனக்கு. "ஹிட்லர் கூட்டத்துச் சாமான் உனக்கு எதுக்குடா?" என்று நண்பர்கள் திட்டுவார்கள். கொண்டாட இல்லை சாமி. அவன் பேச்சைக் கேட்டுப் போய்ப் பனியில் நின்ற ஒரு சாதாரண ஆள், சிகரெட்டை எங்கே வைத்துக்கொண்டான் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். என்னிடம் ஒரு இடுப்பு வார், சாப்பாட்டுத் தூக்கு, ரொட்டிப் பை இருக்கின்றன. எதிலும் பெயர் இல்லை. அதுதான் உறுத்தல்.

ராயபுரம் கல்மண்டபத்தில் விசைப்படகு வைத்திருக்கும் தேசிங்கு என் நண்பரின் தோஸ்து. அதற்கு முந்தின வாரம் போன் செய்தார். "சார், நீ படம் காட்டுன வரிவரி டப்பா எங்க போட்லயே கீது. தீப்பெட்டி நனையாம வெச்சிக்கினு கீறோம். மூடிக்குள்ள எவனோ பேரு எழுதிகீறான்!"

விஷவாயு முகமூடி வைக்கிற தகரக் குழல் அது. போர்முனையில் வாயு வரவேயில்லை. அதனால் சிப்பாய்கள் மேலதிகாரிக்குத் தெரியாமல் அதில் சிகரெட்டும் ரொட்டியும் பதுக்கினார்கள். தேசிங்கின் மாமனார் யானைக்கவுனி பழைய இரும்புக் கடையில் அதை வாங்கினாராம்.

காலை ஆறே காலுக்கு மின்சார ரயில். பீச் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ, நாற்பது ரூபாய். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றதில் முக்கால் மணி நேரம் போயிற்று. நான் தலையை வெளியே நீட்டுவதும் இழுப்பதுமாக இருந்தேன்.

"இன்னா சார், நெளிஞ்சிகினே கீற? கடல் எங்கியும் ஓடிடாது," என்றார் ஓட்டுநர்.

தேசிங்கும் அவர் மனைவி மல்லிகாவும் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார்கள். டப்பாவை நீட்டினார் தேசிங்கு. பளபளவென்று படகு நீலம். மூடியைத் திறந்தேன். உள்ளே சிவப்பு பெயின்ட்டில் 'சேகர், தாம்பரம்' என்று எழுதியிருந்தது. சேகர் நான்தான்.

"ஐயோ, பழைய பேரு?"

"சொரண்டிட்டோம். ஹார்பர்ல சாமான் கை மாறுனா பேர மாத்தி எழுதிடணும் சார். இல்லாங்காட்டி நாளிக்கி எவனாவது வந்து என்னுதும்பான்."

"என்ன பேருன்னு ஞாபகம் இருக்கா?"

"இங்கிலீஷு மாதிரி இருந்திச்சி. ஆரு பட்ச்சா?"

மல்லிகா சிரித்தார். "லேசுல போவல சார். ஆணியால ஆழமா கீறி வெச்சிருந்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சித் தேய்ச்சி இவுருக்குக் கையெல்லாம் கொப்புளம்."

தேசிங்கின் கையைப் பார்த்தபிறகு கோபிக்க முடியவில்லை. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "கலரு புடிக்கலியா நைனா? பச்ச அட்ச்சித் தரட்டா?" என்றார் கவலையாக.

நீங்கள் இப்படிச் சாமான் தேடிப் போவதாக இருந்தால், என்னைப் போல ஆறே காலுக்கு இல்லாமல் முதல் ரயிலுக்கே கிளம்பிவிடுங்கள், லாரி குறைவு. போனிலேயே பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். துடைக்கக்கூட வேண்டாம் என்று கெஞ்சிச் சொல்லிவிடுங்கள்.

திரும்பும் ரயிலில் உட்காரவே பிடிக்கவில்லை. மூடியைத் திறப்பதும், சாய்த்துப் பார்ப்பதும், நகத்தால் தடவுவதுமாக வந்தேன். ஒரு கீறல்கூடத் தட்டுப்படவில்லை. பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்துப் பெயரைப் படித்தார்.

"உங்களுதா சார்?"

ஆமாம் என்றேன்.