மெட்டை விட்டுவிட்ட பேண்டு மாஸ்டர்

என் மனைவியின் அடக்கத்துக்கு பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கமிருந்து வந்த பேண்டு மாஸ்டரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒடுங்கிய கன்னம், காய்த்துப்போன மேலுதடு. ட்ரம்பெட்டின் வாய்ப்பகுதியைக் கழற்றி, உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே பேசுவார்.

எங்கள் மாதா கோயில் பாடகர் குழு நான்கு குரலில் பாடிய பாட்டை என் போனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“நாங்க ஊதறது மூணு பேருதானுங்க. ஒரு குரல விட்டாவணும். ஆல்ட்டோவ எடுத்துடறேன், யாருக்கும் தெரியாதுங்க.”

ஆல்ட்டோ என்பது மெட்டுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு போகும் பெண்குரல். எங்கள் குழுவில் அதைப் பாட இருந்தது என் மனைவி ஒருத்திதான்.

“அவ பாடுனதே அதுதாங்க,” என்றேன்.

உருட்டிய கை நின்றது. வீட்டுக்குள் இருந்த சவப்பெட்டியைப் பார்த்தார்.

“அப்ப மெட்ட எடுத்துடறேனுங்க. அது எல்லாத்துக்கும் மனப்பாடந்தான, நடக்கறவங்க பாடிக்கட்டும்.”

ஆல்ட்டோவை அவரே ட்ரம்பெட்டில் வாசித்தார். கல்லறைத் தோட்டம்வரை ஒருவரும் பாடவில்லை. என்ன பாட்டென்றே யாருக்கும் பிடிபடவில்லை.

“என்னத்தடா ஊதறானுங்க?” என்று என் பெரியப்பா முகம் சுளித்தார்.

எனக்குத் தெரிந்தது. அடுப்படியில் அவள் தனியாகப் பாடிப் பழகும்போது பாட்டு இப்படித்தான் கேட்கும். மண் போட்டு முடியும்வரை பேண்டு மாஸ்டர் என் பக்கம் திரும்பவேயில்லை.

அடுத்த ஞாயிறு பூசையில் குழு அதே பாட்டைப் பாடியது. மெட்டு சரியாக இருந்தது. கோயிலே சேர்ந்து பாடியது.

அந்த மனிதர் சொன்னது உண்மைதான். ஆல்ட்டோ இல்லாதது யாருக்கும் தெரியவில்லை.