டெய்லரக்கா மலைக்குப் போகாத வருஷம்

முதலில் அது சுவரில்தான் கேட்டது. ராத்திரி பத்து மணிக்கு மேல், ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கத்தில் யாரோ குதிகாலால் உதைப்பது போல ஒரு சத்தம். நின்றுவிடும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன். இருபது எண்ணுவதற்குள் மறுபடியும் தொப்பென்று ஒன்று. திருடன் என்று நினைத்தேன். பிறகு பாம்பு என்று நினைத்தேன். பாம்பு எப்படியடி உதைக்கும் என்று என் கணவர் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற பிறவி நான். விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். காலையில் பக்கத்துப் போர்ஷன் டெய்லரக்காவிடம் கேட்டபோது அவள் சிரித்தாள். "திருடனும் இல்ல, ஒண்ணும் இல்லடி. என் காலுதான். படுத்தா போதும், உள்ள எறும்பு ஓடறமாரி இருக்குது. உதைச்சாதான் அடங்குது."

திருத்தணி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்த லைன் வீட்டில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு சுவர்தான். அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் லாரி ஓட்டுகிறவர். பத்து நாளைக்கு ஒருமுறை வந்து தலைகாட்டிவிட்டுப் போவார். மகன் சென்னையில் ஹாஸ்டலில் இருந்தான். முன்னறையில் மெஷின் போட்டு அவள் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்ட எனக்குக் கொக்கி வைப்பது, ஹெம்மிங் செய்வது என்று கைவேலையைக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். பகலெல்லாம் அவளோடு இருந்தேன், ராத்திரி அவள் கால் சத்தத்தோடு இருந்தேன். அப்படி இருந்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

கால் குடைச்சல் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும், தெருவில் ஆளுக்கொரு வைத்தியர் கிளம்பிவிடுவார்கள். ஹவுஸ் ஓனரம்மாதான் முதலில் காரணம் கண்டுபிடித்தவள். "பகல் பூரா மெஷின மிதிச்ச காலு, ராத்திரி மெஷின் இல்லாட்டியும் மிதிச்சுகினுதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவளே அதற்கு ரொம்ப நேரம் சிரித்தாள். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. மெஷினுக்கு மோட்டார் மாட்டினோம். கால் அடங்கவில்லை. வெந்நீரில் கல்லுப்பு போட்டு, முட்டிக்குக் கீழே முங்கும்படி காலை அன்னக்கூடைப் பாத்திரத்தில் வைத்தோம். அது கொஞ்ச நேரம் கேட்டது. நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி நான்தான் கெண்டைக்காலில் தேய்த்துவிடுவேன். தேய்க்கிறவரை சுகமாக இருக்கிறது என்பாள், கையை எடுத்தால் போச்சு என்பாள். மிஞ்சின ஜாக்கெட் துணியைக் கிழித்து இரண்டு கெண்டைக்காலிலும் இறுக்கிக் கட்டினோம். ரத்த ஓட்டம் நின்றுவிடுமோ என்று பயந்து, நான் கதவைத் தட்டி எழுப்பி அவிழ்த்துவிட்டு வந்த ராத்திரிகளும் உண்டு. தூக்கம் கெட்டுப் பகலில் கண் சொருகியதால், ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை டீ குடித்தாள். நானே ஓடிப்போய் வாங்கி வருவேன், ஸ்ட்ராங்காகப் போடச் சொல்லி.

கடைசியாக வந்ததுதான் மலைக்கோயில் விபூதி. ஒருநாள் அக்கா என்னிடம், மலைக்குப் போய் ஒரு பொட்டலம் விபூதி வாங்கிவா, காலில் பூசிப் பார்க்கலாம், இந்தக் காலை வைத்துக்கொண்டு என்னால் படி ஏற முடியாது என்றாள். நாங்கள் தாத்தா காலத்துக்கும் முன்னால் மிஷன் வழியாக வேதத்துக்கு வந்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் நான். போகவும் பயம், போகாமல் இருக்கவும் மனசில்லை. பாஸ்டரய்யா பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு பதில் தயார் செய்துகொண்டே ஏறினேன். மேலே தேங்காய்க்கடை அம்மாள் உள்ளே போய் வாங்கிவந்து பேப்பரில் மடித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறை போனேன். அக்கா அதில் ஒரு சிட்டிகையை நெற்றியில் இட்டுக்கொள்வாள், கொஞ்சம் காலில் பூசிக்கொள்வாள், மிச்சத்தைத் தைத்துக்கொண்டே வாயில் போட்டுக்கொள்வாள். ஒரு பொட்டலம் இரண்டு நாளில் காலி. எவ்வளவு பக்தி என்று நினைத்தேன். என் வேதத்தில் எனக்கு அந்த அளவு இல்லையே என்று வெட்கம்கூடப் பட்டேன்.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் இப்படியே போனது. ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் ஆர்டர் குவிந்துகிடந்த ஒரு மத்தியானம், ஒரு பெண்ணுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த அக்கா, டேப்பைக் கையில் பிடித்தபடியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். உதடு சுண்ணாம்பு மாதிரி இருந்தது. ஆட்டோவில் என் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். உள்ளே கொண்டுபோன நர்ஸ் சிறிது நேரத்தில் வெளியே வந்து என்னைத் தேடினாள்.

"எத்தினி நாளா இருக்குது?"

"ஒரு வருஷமாங்க. எண்ணெய் தேய்ச்சோம், உப்புத்தண்ணி வச்சோம், துணி கட்டினோம், கேக்கல."

நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எதைம்மா சொல்ற? உதிரப்போக்கு எத்தினி நாளா இருக்குதுன்னு கேக்கறேன். துணி மேல துணியா வச்சுகினு வந்துருக்காங்க. உடம்புல ரத்தமே இல்ல."

பக்கத்தில் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். தினமும் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கெண்டைக்காலை இந்தக் கையால் தேய்த்திருக்கிறேன். தெருவில் நாய் குரைத்தால்கூட என்னமோ ஏதோவென்று எழுந்து உட்காருகிற நான், இதற்கு மட்டும் பயப்படாமல் இருந்திருக்கிறேன். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாளுக்கு மேல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ரத்தம் குறைந்து இரும்புச்சத்து வற்றினால், சிலருக்கு ராத்திரியில் கால் இப்படிப் பாடாய்ப் படுத்துமாம். சாம்பல், மண், பச்சரிசி என்று வாய் தேடுவதும் அதனால்தானாம். சாப்பாட்டோடு டீ குடித்தால் இருக்கிற கொஞ்சம் சத்தும் உடம்பில் ஒட்டாதாம். கூட்டிவர இன்னும் ஒரு வாரம் ஆகியிருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நிறுத்தாமல் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அன்று ராத்திரி ரத்தம் ஏற்றினார்கள். லாரிக்காரருக்குச் சொல்லி அவர் வந்துசேர மறுநாள் ஆகும். நான் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தேன். நடுராத்திரியில் திடீரென்று உறைத்தது: சத்தமே இல்லை. இருபது எண்ணினேன். ஐம்பது எண்ணினேன். கால் இரண்டும் போர்வைக்குள் கட்டை மாதிரிக் கிடந்தன. போய்விட்டாள் என்று நினைத்து, மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "உசுரோடதான்டி கீறேன். ஒரு வருஷம் கழிச்சு தூங்கறேன், தூங்க வுடு." அசதியில் வந்த தூக்கமாகத்தான் இருக்கும். ஆபரேஷன் முடிந்து மாத்திரை சாப்பிட்டு, கால் முழுக்க அடங்க மாதக்கணக்கில் ஆனது.

விடிந்ததும் கஞ்சி ஊட்டிவிடும்போது, அழுதுகொண்டே கேட்டுவிட்டேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, அவ்வளவு நம்பி மலைக்கெல்லாம் அனுப்பினாயே என்றேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"படி ஏற முடியாமயா போவல? தீட்டோட எப்படிடி போவறது? நம்ம தெருவுல வேற எவளயாச்சும் அனுப்பியிருந்தா, ரெண்டாம் மாசமே எதுக்கு நீ போவலன்னு கண்டுபுடிச்சிருப்பா. உனக்கு அந்தக் கணக்கு கெடையாது. அதனாலதான் உன்ன அனுப்பினேன்."

தூரமான பெண்கள் கோயிலுக்குப் போகமாட்டார்கள் என்பது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாததில்லை. ஆனால் எந்த நாளாக இருந்தாலும் சர்ச்சுக்குப் போய் முட்டி போடுகிற வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்த நினைப்பு மனசில் ஓடவில்லை. என்மேல் உள்ள நம்பிக்கையில் அனுப்புகிறாள் என்று இத்தனை மாதமும் பெருமைப்பட்டுக்கொண்டு ஏறியிருக்கிறேன். எனக்குப் புரியாது என்கிற தைரியத்தில்தான் அனுப்பியிருக்கிறாள். அந்த அதிர்ச்சி இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன். அவளே வாங்கிக் குடித்தாள்.

இப்போது அக்காவின் மெஷினில் வேலைக்கு வருகிற பெண்கள் நாலு பேர் இருக்கிறார்கள். அக்கா வெட்டிக் கொடுக்கிறாள், நான் கொக்கி வைக்கிறேன். போன வாரம் அதில் ஒருத்தி, ராத்திரியெல்லாம் கால் குடைகிறது, எண்ணெய் ஏதாவது இருக்கிறதா அக்கா என்று என்னிடம் கேட்டாள். எண்ணெய் இருந்தது. எடுக்கவில்லை. மாதாமாதம் எத்தனை நாள் போகிறது என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். "இன்னாக்கா நீங்க, ஆம்பளைங்க போற வர்ற தெருவுல" என்று அவள் முகம் சிவந்துபோனாள். பதில் வருகிறவரை நான் ஊசியை எடுக்கவில்லை. கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு அக்காவும் காத்துக்கொண்டிருந்தாள்.