மேலே எழுதியதும் கீழே எழுதியதும்

எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுவிட்ட நான் கணக்கைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சுதந்திரத்துக்கு அடுத்த வருடம், பிரேசர் டவுன் வீட்டில் என் அண்ணன் காசநோயில் கிடந்தார். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். பொருள்கள் கீழே விழுவது பூமி இழுப்பதால் அல்ல, இடமும் காலமும் வளைந்திருப்பதால்தான் என்பார். ஆரஞ்சுப் பழத்தின் மேல் முக்கோணம் வரைந்து, கோணங்களின் கூட்டுத்தொகை நூற்றெண்பது டிகிரியைத் தாண்டுவதைக் காட்டுவார். அந்த வளைவின் வடிவக்கணிதத்தைப் பற்றி நான்கு வருடம் உழைத்து, நாற்பது பக்கக் கட்டுரை ஒன்றை எழுதியிருந்தார். அதைப் பத்திரிகைக்கு அனுப்புவது ஒன்றுதான் அவருடைய ஆசை.

நோயாளி தொட்ட காகிதம் வெளியே போகக் கூடாது என்று அம்மா பயந்ததால் நான் படியெடுத்தேன். எழுதி முடித்த பக்கத்தின் மூலத்தை அம்மா உடனே குளிக்கிற வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவார்.

அண்ணனுடைய சமன்பாடுகளில் குட்டி எழுத்துகள் சில மேலேயும் சில கீழேயும் இருந்தன. கை நடுக்கம் என்று நினைத்தேன். கேட்கக் கூச்சப்பட்டு எல்லாவற்றையும் கீழே ஒரே வரிசையில் எழுதிவிட்டேன்.

முடித்துக் காட்டியபோது வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாத்தையும் கீழ எறக்கிட்டியேம்மா. மேல இருந்தா ஒரு அர்த்தம், கீழ இருந்தா வேற அர்த்தம்."

"பழைய பக்கத்தப் பாத்து மாத்திடறேண்ணா."

"அதுலதான் நேத்து நீ குளிச்சிட்டியே," என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

"நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

"நாளைக்குப் பாக்கலாம். கையெழுத்து முத்து முத்தா இருக்கு."

மறுநாள் காலையில் இரண்டு பக்கங்கள் திருத்தினோம். மத்தியானம் அவர் இறந்துபோனார்.